அப்பாவின் சிவப்பு மாருதி

போன முறை ஜி.எஸ்.டி. பற்றி எழுதி உங்களையெல்லாம் தூங்க வைத்தேன். இந்த முறை கார் பாலிஷ். சிரிக்காதீர்கள், இதிலும் கொஞ்சம் அக்கவுண்ட்ஸ் வரும் :-)

எங்கள் வீட்டு மாருதி 800, 2003 மாடல். என்னைவிட மூத்தது. அப்பா 2012-ல் செகண்ட் ஹேண்டில் வாங்கினார். நிறம் சிவப்பு. அதாவது ஒரு காலத்தில் சிவப்பு. பானெட்டும் கூரையும் வெளுத்து ரோஸ் கலராகி, தொட்டால் கையில் மாவு மாதிரி ஒட்டும். கல்லூரி நண்பன் ஒருவன் வீட்டுக்கு வந்தபோது "என்னடா, வண்டிக்கு ரோஸ் பவுடர் போட்டு விட்டிருக்கீங்க?" என்றான். நானும் சேர்ந்துதான் சிரித்தேன். அப்பா திண்ணையில் உட்கார்ந்திருந்ததை அப்புறம்தான் கவனித்தேன்.

அப்பா மரக்காணம் உப்பளத்தில் கணக்குப்பிள்ளை. 2019-ல் ஒரு நடுராத்திரி ஆயாவுக்கு நெஞ்சுவலி வந்தபோது ஈ.சி.ஆரில் ஜிப்மர் வரைக்கும் இந்த வண்டிதான் போனது. ஆயா இன்றைக்கும் வெற்றிலை இடித்துக்கொண்டு இருக்கிறார். அந்த வண்டியைத்தான் என் கடைசி வருட ஃபீஸுக்காக விற்பது என்று முடிவானது. புரோக்கர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு, "கலரே செத்துப்போச்சுண்ணே. இருபதுக்கு மேல போகாது" என்றார்.

எனக்குப் பொறுக்கவில்லை. பி.காம். மாணவன் என்ன செய்வான்? கணக்குப் போட்டேன். புதிதில் 2 லட்சம் என்று வைத்துக்கொண்டு, வருமான வரிச் சட்டப்படி காருக்கு 15 சதவீதம் தேய்மானம், ரிட்டன் டவுன் வேல்யூ முறையில் 22 வருடம் கழித்தால் மிச்சம் சுமார் 5,600 ரூபாய். அப்படிப் பார்த்தால் புரோக்கர் வள்ளல்! ஆனால் இந்த முறையில் ஒரு ஆறுதல் உண்டு. எத்தனை வருடம் கழித்தாலும் மதிப்பு பூஜ்ஜியத்துக்குப் போகவே போகாது.

அப்புறம்தான் பெயிண்ட் ஏன் இப்படி ஆகிறது என்று படிக்க ஆரம்பித்தேன். பெயிண்டில் நிறம் தருகிற பொடியைப் பிடித்து வைத்திருப்பது ஒரு பிசின். வெயிலில் இருக்கும் புற ஊதாக்கதிரும் காற்றில் இருக்கும் ஆக்சிஜனும் சேர்ந்து அந்தப் பிசினை மேலாக அரித்துவிடுகின்றன. பிடி விட்ட பொடி மேலே வந்து நிற்கிறது. கையில் ஒட்டிய மாவு அதுதான். சிவப்பு மற்ற நிறங்களைவிடச் சீக்கிரம் வெளுக்கும். நல்ல செய்தி என்னவென்றால், செத்தது மேல்தோல் மட்டும். கீழே சிவப்பு பத்திரமாக இருக்கும்.

இதற்கு ஒரு சோதனை உண்டு. வெள்ளைத் துணியில் கொஞ்சம் பாலிஷ் எடுத்து ஒரு மூலையில் தேய்க்க வேண்டும். துணியில் வண்டியின் நிறம் ஏறினால் அது ஒற்றை அடுக்கு பெயிண்ட், தேய்த்து மீட்கலாம். நிறம் ஏறாவிட்டால் மேலே கண்ணாடி மாதிரி கிளியர் கோட் இருக்கிறது என்று அர்த்தம். அது உரிந்துபோயிருந்தால் பாலிஷ் போட்டுப் பிரயோஜனமில்லை, மறுபடி பெயிண்ட் அடிக்கத்தான் வேண்டும். எங்கள் துணி குங்குமமாகச் சிவந்தது. துள்ளிக் குதித்தேன்.

ஆனால் படித்ததில் இன்னொரு விஷயமும் இருந்தது. துணி துவைக்கிற சோப்புப் பவுடரில் காரைக் கழுவக் கூடாது. பெயிண்டைக் காக்கிற மெழுகையெல்லாம் அது எடுத்துவிடும். உப்புத்தண்ணீரில் கழுவி வெயிலில் காயவிட்டால் உப்புக் கறை படியும். காய்ந்த துணியால் தூசியைத் துடைத்தால் மணல் கீறும்.

அப்பா 13 வருடமாக ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் செய்தது இதைத்தான். சோப்புப் பவுடர், எங்கள் போர் தண்ணீர், பழைய வேட்டி. அவ்வளவு ஆசையாகச் செய்வார். இதை எப்படி அவரிடம் சொல்வது? சொல்லவில்லை.

இரண்டு நாள் வேலை. வேப்பமர நிழலில் நிறுத்தி, நல்ல தண்ணீர் பிடித்து வந்து, கார் ஷாம்பூ போட்டுக் கழுவினேன். ரப்பர் பீடிங், பிளாஸ்டிக் எல்லாவற்றுக்கும் மாஸ்கிங் டேப். பிறகு ரப்பிங் காம்பவுண்ட். இது உண்மையில் மிக நைசான உப்புத்தாள் மாதிரி, செத்த தோலைச் சுரண்டி எடுக்கும். ஒரு முழம் இடம் எடுத்துக்கொண்டு தேய்த்து, துடைத்து, அடுத்த முழம். அதன்மேல் பாலிஷ், கடைசியில் மெழுகு. மெழுகு போடாவிட்டால் சில மாதத்தில் பழைய கதைதான். மொத்தச் செலவு 740 ரூபாய். (இது ரெவின்யூ எக்ஸ்பெண்டிச்சர். கேபிடல் என்று எழுதினால் மார்க் போய்விடும்.)

பானெட்டில் முதல் முழம் முடிந்து துடைத்தபோது உள்ளே வேப்பமரம் தெரிந்தது. பேச்சே வரவில்லை. அந்த சந்தோஷத்தில் பானெட் ஓரத்தை அழுத்தித் தேய்த்துவிட்டேன். ஓரங்களில் பெயிண்ட் மெல்லிசாக இருக்கும், அங்கே அழுத்தக் கூடாது என்று படித்தவன்தான். விரல் நீளத்துக்கு சாம்பல் நிற பிரைமர் எட்டிப் பார்த்தது.

இரண்டாம் நாள் சாயங்காலம் அப்பா வேலையிலிருந்து வந்தார். வண்டியை ஒரு சுற்று சுற்றினார். பிறகு கதவைத் திறந்து, டிரைவர் சீட்டுக்குக் கீழே மேட்டைத் தூக்கிக் காட்டினார். தகட்டில் உள்ளங்கை அளவுக்குத் துரு. கட்டை விரலால் அமுக்கினால் பொரிந்தது.

"இதுக்கு இன்னா பாலிஷ்டா போடுவ?"

உப்பு பெயிண்டை அவ்வளவாக ஒன்றும் செய்யாது, ஆனால் ஈரத்தை இழுத்து வைத்துக்கொண்டு இரும்பைத் தின்னும். அது எனக்குப் புத்தகத்தில் தெரிந்தது, அவருக்கு உப்பளத்தில் தெரிந்தது. "வெயிலும் காத்தும் இருந்தாத்தான் உப்பு விளையும். அதே வெயிலும் காத்தும்தான் வண்டிய தின்னுது. நமக்கு சோறு போடறதும் அதான்" என்றார். அப்போதுதான் நான் சோப்புப் பவுடர் விஷயத்தை மெதுவாகச் சொன்னேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. கை கால் கழுவப் போய்விட்டார்.

அடுத்த வாரம் புரோக்கர் இல்லாமலே ஒருவர் வந்தார். திண்டிவனம் பக்கம் தையல் கடை. பளபளப்பைப் பார்த்ததும் முப்பத்தைந்தாயிரம் என்று அவரே சொன்னார். என் மனசு ஃபீஸ் கட்டி முடித்துவிட்டது. அப்பா நேராகப் போய் மேட்டைத் தூக்கித் துருவைக் காட்டினார். பானெட் ஓரத்தில் நான் தேய்த்த பிரைமரையும் காட்டினார். விலை இருபத்தெட்டுக்கு இறங்கியது.

எங்கள் பாடத்தில் விண்டோ டிரெஸ்ஸிங் என்று ஒன்று வரும். பேலன்ஸ் ஷீட்டை மட்டும் பளபளப்பாக்கிக் காட்டுவது. அதை இரண்டு வருடமாகப் படிக்கிறேன். நான் செய்து வைத்திருந்ததும் கிட்டத்தட்ட அதுதான் என்று அந்த ஏழாயிரம் போனபோதுதான் உறைத்தது. இப்போது அந்த ஏழாயிரத்துக்காக சனி, ஞாயிறு ஒரு ஆடிட்டர் ஆபீஸில் என்ட்ரி போடுகிறேன்.

சாவியைக் கொடுத்துவிட்டு, அப்பா மீதி இருந்த மெழுகு டப்பாவையும் அவர் கையில் கொடுத்தார்.

"சோப்புப் பவுடர் மட்டும் போட்டுடாதீங்க சார். நான் தெரியாம போட்டுட்டேன்."

வண்டி தெருமுனை திரும்பும் வரை சிவப்பாகவே இருந்தது.