அந்தியில் பிறக்கும் நாள்

வெள்ளிக்கிழமை பிற்பகலில் சிலுவையில் இறந்தவர் ஞாயிறு விடியலில் கல்லறையில் இல்லை. இடையில் 40 மணி நேரம்கூட ஆகவில்லை. இதை எப்படி மூன்று நாள் என்கிறோம்? மத்தேயு 12-ஆம் அதிகாரத்தில் இயேசு யோனாவைச் சுட்டிக்காட்டி, இரவும் பகலும் சேர்த்து மூன்று என்றே சொல்கிறாரே? பெரிய வெள்ளி நெருங்கினால் யாராவது இதைக் கேட்டுவிடுகிறார்கள், பெரும்பாலும் பள்ளிப் பிள்ளைகள். விசுவாசித்தால் போதும் என்ற பதில் எனக்குப் போதவில்லை. நற்செய்தியாளர்கள் நாளையும் வேளையையும் குறித்துவைத்து எழுதியவர்கள். அவர்கள் குறித்ததை எண்ணிப் பார்ப்பது அவர்களுக்குச் செய்யும் மரியாதை என்று நம்பித்தான் இந்தத் தேடலில் இறங்கினேன்.

அந்தக் காலத்து யூதர்களுக்கு நாள் எப்போது பிறந்தது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. ஆதியாகமத்தின் முதல் அதிகாரம் ஒவ்வொரு நாளையும் மாலையை முன்வைத்துச் சொல்கிறது. லேவியராகமம் 23, பாவநிவாரண நாளை மாலை தொடங்கி மறு மாலைவரை கைக்கொள்ளச் சொல்கிறது. ஓய்வுநாளுக்கு முன் இருட்டத் தொடங்கியதும் எருசலேமின் வாசல்களை அடைக்கச் செய்தார் நெகேமியா. ஏட்டில் உள்ள இந்தச் சான்றுகளோடு கல்லில் ஒன்றும் கிடைத்திருக்கிறது. தேவாலயத்தின் உயரமான ஓரிடத்தில் ஆசாரியர் ஒருவர் நின்று எக்காளம் ஊதி, ஓய்வுநாள் தொடங்குவதையும் மறு மாலை அது முடிவதையும் ஊருக்கு அறிவிப்பார் என்று முதல் நூற்றாண்டு யூத வரலாற்றாசிரியர் யோசேப்பஸ் எழுதியிருக்கிறார். 1968-ல் பென்யமீன் மசார் தலைமையில் ஆலய மேட்டின் தென்மேற்கு மூலையடியில் அகழ்ந்தபோது, உடைந்து விழுந்த கல் ஒன்று அகப்பட்டது. எக்காளம் ஊதும் இடத்துக்கு உரியது என்று பொருள்படும் எபிரேய எழுத்து அதில் வெட்டியிருந்தது. அதன் படத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். இயேசுவின் காலத்து எருசலேமில் நாள் மாறுவதைக் காதால் கேட்டிருக்கிறார்கள்.

நமக்கும் இது முழுக்க அந்நியமல்ல. தமிழ் முஸ்லிம்கள் வெள்ளி இரவு என்று சொல்வது நாம் வியாழன் இரவு என்று சொல்லும் இரவைத்தான்.

இந்த அளவுகோலைப் பாடுகளின் மீது வைத்துப் பார்த்தபோது நான் எதிர்பாராத ஒன்று தெரிந்தது. மேல்மாடி அறையில் இராப்போஜனம், கெதரோன் ஓடையைக் கடந்து கெத்செமனே, கைது, காய்பாவின் வீடு, சேவல் கூவல், அதிகாலையில் பிலாத்து, கொல்கொதா, ஒன்பதாம் மணி வேளையில் மரணம், அரிமத்தியா யோசேப்பின் கல்லறை. நம் வீட்டுத் தினசரிக் காலண்டரில் இவற்றுக்கு இரண்டு தாள் கிழிக்க வேண்டும். அவர்களுக்கோ இவை எல்லாம் ஒரே நாள். சீடர்களுடன் அப்பம் பிட்ட நாளிலேயே அவர் அடக்கமும் செய்யப்பட்டார். அந்த நாள் முடிவதற்குள் என்ற பரபரப்பு கதையின் கடைசிப் பகுதி முழுவதிலும் இருக்கிறது. மரத்தில் தொங்கியவன் உடல் இரவில் அப்படியே இருக்கக் கூடாது என்பது உபாகமம் 21-ன் கட்டளை. சூரியன் சாய்ந்தால் ஓய்வுநாள் வேறு தொடங்கிவிடும். சிலுவையில் இருந்தவர்களின் கால்களை முறிக்கும்படி பிலாத்துவிடம் கேட்டதும், அருகிலிருந்த தோட்டத்துக் கல்லறையிலேயே இயேசுவை வைத்ததும் இந்த அவசரத்தால்தான். ஓய்வுநாள் முடிந்தபின் பெண்கள் நறுமணப் பொருள்கள் வாங்கியதாக மாற்கு சொல்வது, நம் கணக்கில் சனிக்கிழமை இருட்டிய பிறகு. அவர்களுக்கு அப்போதே வாரத்தின் முதல் நாள் பிறந்துவிட்டது. விடியலில் அவர்கள் கல்லறைக்குப் போனபோது ஞாயிற்றுக்கிழமையில் பாதி போயிருந்தது.

இனி அந்த மூன்று. யூதர்கள் ஒரு நாளின் துண்டையும் முழு நாளாக எண்ணினார்கள். ஒரு பகலும் இரவும் ஓர் அலகு, அதில் ஒரு பகுதி இருந்தாலும் முழு அலகே என்று ரபி எலெயாசர் பென் அசரியா கூறியது எருசலேம் தல்மூதில் இருக்கிறது. இன்றைக்கும் யூதக் குழந்தையின் எட்டாம் நாள் விருத்தசேதனத்தில் இதைக் காணலாம். வெள்ளிக்கிழமை அந்திசாய்வதற்குச் சற்று முன் பிறந்த குழந்தைக்கு அடுத்த வெள்ளியே எட்டாம் நாள். எஸ்தர் தனக்காக இரவும் பகலும் மூன்று நாள் உபவாசம் இருக்கச் சொல்லிவிட்டு, மூன்றாம் நாளிலேயே ராஜா முன் போய் நிற்கிறாள். மத்தேயு 27-ல் தலைமை ஆசாரியர்கள் பிலாத்துவிடம், மூன்று நாளைக்குப்பின் எழுந்திருப்பேன் என்று அவர் சொன்னதாக முறையிட்டு, மூன்றாம் நாள்வரை காவல் போடும்படி கேட்கிறார்கள். இரண்டும் அவர்கள் வாயில் ஒன்றே. எனவே வெள்ளியின் கடைசித் துண்டு, முழு ஓய்வுநாள், ஞாயிறின் முதல் பகுதி: மூன்று. 72 மணி நேரம் நிரம்ப வேண்டும் என்பதற்காகச் சிலுவையைப் புதன்கிழமைக்குத் தள்ளுகிறவர்கள் உண்டு, வியாழனுக்குத் தள்ளுகிறவர்களும் உண்டு. அவர்களுடைய அக்கறையை மதிக்கிறேன். ஆனால் 72 மணி நேரம் முழுதாகக் கழிந்தால் இந்த எண்ணுமுறையில் அது நான்காம் நாளாகிவிடும். கொரிந்தியருக்குப் பவுல் எழுதியது மூன்றாம் நாள் என்றுதான்.

இதோடு முடிந்திருந்தால் தேடல் எளிதாக இருந்திருக்கும். உண்மையான முடிச்சு வேறோரிடத்தில் இருக்கிறது. மாற்குவின்படி, பஸ்கா ஆட்டுக்குட்டிகளை அடித்த நாளின் மாலையில் சீடர்களுடன் இயேசு உண்டது பஸ்கா விருந்து. அப்படியானால் அந்த மாலையோடு யூதர்களின் நீசான் மாதம் 15-ஆம் நாள் தொடங்கிவிட்டது, சிலுவையும் அந்த 15-லேயே. யோவானோ, பஸ்காவை இனிமேல்தான் உண்ண வேண்டும் என்பதால் தீட்டுப்படாதிருக்க யூதத் தலைவர்கள் பிலாத்துவின் அரண்மனைக்குள் நுழையவில்லை என்கிறார். அப்படியானால் சிலுவை நீசான் 14-ல். ஒன்பதாம் மணி முதல் பதினோராம் மணிவரை, அதாவது மூன்று மணியிலிருந்து ஐந்து மணிவரை, குட்டிகளை அடித்ததாக யோசேப்பஸ் குறிக்கிறார். அப்படியானால் ஆலயத்தில் குட்டிகள் பலியாகும் வேளையை ஒட்டி இயேசு உயிர் விடுகிறார். இரு தரப்பும் வெள்ளிக்கிழமையில் ஒன்றுபடுகின்றன, தேதியில் பிரிகின்றன.

இந்த இடைவெளியை அடைக்க அறிஞர்கள் நாள்கணக்கையே கருவியாக்கினார்கள். 1957-ல் பிரெஞ்சு ஆய்வாளர் அன்னி ஜோபேர், சாக்கடல் அருகே வாழ்ந்த கும்ரான் சமூகத்தினரின் 364 நாள் நாட்காட்டியை எடுத்துக்கொண்டார். அதில் பஸ்கா ஆண்டுதோறும் செவ்வாய் மாலையிலேயே தொடங்கும். கடைசி விருந்து செவ்வாயன்று, சிலுவை வெள்ளியன்று என்பது அவர் முடிவு. கைதுக்கும் சிலுவைக்கும் நடுவே விசாரணைகளுக்கு மூச்சுவிட இடம் கிடைக்கிறது என்பது அதன் கவர்ச்சி. ஆனால் இயேசு அந்த நாட்காட்டியைப் பின்பற்றினார் என்பதற்கு நற்செய்திகளில் ஒரு குறிப்பும் இல்லை. 1977-ல் ஹெரால்ட் ஹோனர் இன்னொரு வழி சொன்னார்: கலிலேயரும் பரிசேயரும் நாளை விடியலிலிருந்து எண்ணினார்கள், யூதேயரும் சதுசேயரும் அந்தியிலிருந்து எண்ணினார்கள், ஆகவே குட்டிகளும் இரண்டு நாள் அடிக்கப்பட்டன. இதற்கு ஒரு சிறு ஆதாரம் உண்டு. பலி உணவைப் பொறுத்தமட்டில் இரவு முந்திய பகலைச் சேரும் என்கிறது ரபிகளின் மரபு. ஆலயத்துக்குள்ளேயே இரண்டு கணக்கு இருந்ததை அறிந்து வியந்தேன். ஆனாலும் அதிலிருந்து இரண்டு நாள் பஸ்காவுக்குத் தாவ எனக்குத் துணிவில்லை. ஆலயத்தை அத்தனை நுணுக்கமாக வருணித்த யோசேப்பஸ் அப்படியொன்றைக் குறிப்பிடவில்லை.

நான் யோவான் பக்கம் நிற்கிறேன். மாற்குவிலேயே, இயேசுவைப் பிடிப்பது பண்டிகையில் வேண்டாம், கலகம் வரும் என்று தலைமை ஆசாரியர்கள் பேசிக்கொள்கிறார்கள். சிரேனே ஊர் சீமோன் வயலிலிருந்து வருகிறான், அரிமத்தியா யோசேப்பு அடக்கத்துக்குத் துணி வாங்குகிறார். பண்டிகையின் முதல் நாளான நீசான் 15-ல் இவை பொருந்துவது கடினம். பவுல் கிறிஸ்துவை நம் பஸ்கா என்று அழைக்கிறார். பாபிலோனியத் தல்மூதிலும் இயேசு தூக்கப்பட்டது பஸ்காவுக்கு முந்திய நாளில் என்றொரு மரபு இருக்கிறது. ஆசியா மைனர் சபைகள் நெடுங்காலம் நீசான் 14-ஐயே கொண்டாடின. சுமார் கி.பி. 155-ல் இதற்காக ஸ்மிர்னாவின் பொலிகார்ப் ரோம் சென்று ஆயர் அனிசேத்துவுடன் பேசினார். இருவரும் தத்தம் வழக்கத்தை விடவில்லை, உறவையும் முறிக்கவில்லை.

நீசான் 14 வெள்ளி என்று வைத்தால் ஆண்டும் நெருங்கி வருகிறது. பிலாத்து ஆண்ட கி.பி. 26 முதல் 36 வரையிலான ஆண்டுகளில், பழைய ஜூலியன் கணக்கில், 30 ஏப்ரல் 7-ஐயும் 33 ஏப்ரல் 3-ஐயும் பெரும்பாலோர் ஏற்கிறார்கள். ஐசக் நியூட்டன்கூட இதில் உட்கார்ந்து கணக்குப் போட்டு, 34 ஏப்ரல் 23-க்கு வந்து சேர்ந்தார். 1983-ல் ஆய்வாளர்கள் ஹம்ப்ரீஸும் வாடிங்டனும் 33-ஐ ஆதரித்து எழுதியபோது, அன்று மாலை எருசலேமில் நிலவு கிரகணத்துடனேயே உதித்ததைக் காட்டினார்கள். திபேரியுவின் 15-ஆம் ஆண்டு என்று லூக்கா குறிப்பதும் 33-க்கு இடங்கொடுக்கிறது. எனக்கு 30-ன் மீதே சாய்வு. ஆலயம் 46 ஆண்டுகளாகக் கட்டப்பட்டு வருவதாக யோவான் 2-ல் வருகிறது. ஏரோது கி.மு. 20-19-ல் தொடங்கிய வேலை அது. அதிலிருந்து எண்ணினால் இயேசுவின் ஊழியத்தில் யோவான் காட்டும் முதல் பஸ்கா 28-ஐ ஒட்டி வருகிறது, மூன்றாவது 30-ல்.

இதற்கு மேல் வானியலால் உறுதி தர முடியாது. பிறை எந்த மாலையில் கண்ணுக்குத் தெரிந்திருக்கும் என்று அது சொல்லும். ஆனால் மாதத்தைத் தொடங்கிவைத்தது, பிறையைக் கண்டதாகச் சாட்சிகள் எருசலேமுக்கு வந்து சொன்ன சொல். வாற்கோதுமை முற்றாத ஆண்டில் நீசானுக்கு முன் ஒரு மாதத்தைக் கூட்டிக்கொள்ளும் உரிமையும் யூதத் தலைவர்களிடம் இருந்தது.