பத்திரிகையில அவங்க பேரையும் போடுங்க

கும்பகோணத்துல நேத்து ராத்திரி ஒரு மாப்பிள்ளை அழைப்பு.

நாயனக்காரர் தோடி வாசிச்சிட்டிருந்தார்.
நடுவுல நிறுத்தி, வாயில வச்சு ஊதுற சீவாளியைக் கழட்டி, உதட்டுல வச்சு ஈரம் பண்ணி, திரும்ப மாட்டினார்.
விட்ட இடத்துலேர்ந்து எடுத்தார் பாருங்க... அப்படியே நின்னுட்டேன்.

"யாரு வாசிக்கிறது?"
சுத்தியிருந்த யாருக்கும் தெரியல.

பத்திரிகையைப் பார்த்தேன்.
வரவேற்புக்கு வர்ற இன்னிசைக் குழு பேர் கொட்டை எழுத்துல இருக்கு.
இவர் பேர் இல்ல.

மனசு ஆறவே இல்ல.

இந்த வாத்தியம் பிறக்கிறதே நம்ம பக்கத்துலதானே!
பழைய வீடு இடிக்கிற இடத்துல கிடைக்கிற, வயசான ஆச்சா மரத்தைக் கடைஞ்சுதான் நரசிங்கன்பேட்டையில நாயனத்தோட குழலான உலவைச் செய்யறாங்க. புது மரம் ஆகாது.
சீவாளி, திருவாவடுதுறையில நாணல் தட்டையிலேர்ந்து.

1950கள்ல நாதஸ்வர மேதை டி.என்.ராஜரத்தினம் பிள்ளைக்காக ரங்கநாதன் ஆச்சாரி, சுத்த மத்யம ஸ்வரம் சுத்தமா பேசுற பாரிங்கிற நாயன வகையைச் செஞ்சு கொடுத்ததும் இதே நரசிங்கன்பேட்டையிலதான்.
2022ல இந்த நாயனத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைச்சாச்சு.

மரத்துக்கு மரியாதை வந்துடுச்சு.
அதுக்கு மூச்சு கொடுக்கிறவருக்கு?

தாத்தா காலத்துப் பத்திரிகைகளை எடுத்துப் பாருங்க. நாதஸ்வர வித்வான் பேர் இருக்கும். அந்தப் பேருக்காகவே பக்கத்து ஊர்லேர்ந்து வண்டி கட்டிட்டு வந்திருக்காங்க.

உங்க வீட்டுல அடுத்த கல்யாணம் எப்போ?
பத்திரிகை அடிக்கும்போது நாயனம், தவில் ரெண்டு பேர் பேரையும் ஒரு வரி சேர்த்துடுங்க.
சேர்ப்பீங்கதானே?