மழையின் மீது பழி போடும் வாக்கியம்

ஐப்பசி பிறந்துவிட்டால் எமது நாளிதழ்களின் பிராந்தியச் செய்திப் பக்கங்களில் ஒரு வாக்கியம் தவறாமல் இடம்பெறத் தொடங்கிவிடும். ‘மழை காரணமாக வீதியில் வழுக்கி விழுந்ததில் மோட்டார் சைக்கிளில் பயணித்தவர் படுகாயமடைந்து வைத்தியசாலையில் அனுமதிக்கப்பட்டார்’ என்பதே அது. முப்பது வருடங்களுக்கும் மேலாகச் செய்தித்துறையில் இருப்பவன் என்ற வகையில், இந்த வாக்கியத்துடன் எனக்கு எப்போதுமே உடன்பாடு இருந்ததில்லை. மழை மாத்திரமே குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்படுகிறது. வேகமும் தேய்ந்த ரயரும் சாட்சிகளாகக்கூட அழைக்கப்படுவதில்லை.

வடக்கில் மோட்டார் சைக்கிளும் ஸ்கூட்டரும்தான் பெரும்பாலான குடும்பங்களின் வாகனம். ஒக்டோபர் தொடக்கம் டிசம்பர் வரை வடகீழ்ப் பருவமழை கொட்டினாலும் பாடசாலை மணியோ அலுவலக நேரமோ மாறப்போவதில்லை. 2020 இல் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 இல் மீண்டும் அனுமதிக்கப்படும்வரை பழைய வண்டிகளையே திருத்தித் திருத்தி ஓடியவர்கள் நாங்கள். பள்ளங்கள் மறைந்து வழுவழுத்துப்போன ரயரும் அந்தச் சிக்கனத்தின் ஒரு பகுதியாகிவிட்டது. ரயரில் வெட்டப்பட்டிருக்கும் பள்ளங்கள் அலங்காரத்துக்கானவை அல்ல. சக்கரத்துக்கும் வீதிக்கும் இடையில் அகப்படும் நீரை வெளியேற்றுவதே அவற்றின் வேலை. அவை தேய்ந்துவிட்டால், வேகமாகச் செல்கையில் சக்கரம் வீதியை விட்டு நீரின் மேல் மிதக்கத் தொடங்கும்.

பெருமழையை விட ஆபத்தானது முதல் தூறல். கோடை முழுவதும் வீதியில் படிந்த எண்ணெயும் புழுதியும் ரயர்த் துகளும் அந்தத் தூறலில் குழைந்து வழுக்கும் படலமாகின்றன. தொடர்ந்து மழை பெய்த பின்னரே அது கழுவப்படுகிறது. நனைந்துவிடுவோம் என்று பலரும் வேகத்தைக் கூட்டுவது அந்த நிமிடங்களில்தான். மணிக்கு 40 கிலோமீற்றர் வேகத்தில் செல்பவர் 60 ஆக்கினால், பிரேக் பிடித்த பின்னர் வண்டி நிற்பதற்கு ஓடும் தூரம் இரண்டேகால் மடங்காகிறது. ஈரவீதியில் அந்தத் தூரம் மேலும் நீளும். காய்ந்த வீதியில் முன்னால் செல்லும் வாகனத்துக்கும் எமக்கும் இடையில் 2 விநாடி இடைவெளி வேண்டுமென்றால், மழையில் குறைந்தது 4 விநாடி வேண்டும். வண்டி நேராகச் செல்லும்போதே இரு பிரேக்குகளையும் மெதுவாக, படிப்படியாக அழுத்தவேண்டும். வளைவில் சரிந்திருக்கும் வண்டியில் திடீரென்று முன் பிரேக்கைப் பிடித்தால் பெரும்பாலும் விழத்தான் வேண்டும்.

புகையிரதக் கடவைகளைப் பற்றித் தனியாகக் கூறவேண்டும். 1990 இல் நின்றுபோன யாழ்ப்பாணத்துக்கான ரயில் சேவை 2014 ஒக்டோபரில் மீண்டும் தொடங்கி, 2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரை நீண்டது. இடைப்பட்ட 24 வருடங்களில் தண்டவாளம் ஒன்றைக்கூடக் கடக்காமல் மோட்டார் சைக்கிள் ஓடப் பழகிய ஒரு தலைமுறையே குடாநாட்டில் உருவாகியிருந்தது. நனைந்த இரும்பில் ரயருக்குப் பிடிமானம் மிகக் குறைவு.

எனது உறவினரான ஆசிரியை ஒருவர் சில வருடங்களுக்கு முன்னர் ஒரு மார்கழிக் காலையில் அப்படியொரு கடவையில் விழுந்தார். கடவையோரம் தேங்கிநின்ற வெள்ளத்தைத் தவிர்க்க ஸ்கூட்டரைச் சற்றுத் திருப்பினார். முன்சக்கரம் தண்டவாளத்தில் சாய்வாக ஏறிய கணத்தில் கை தன்னையறியாமல் பிரேக்கைப் பிடித்தது. வலது மணிக்கட்டு முறிந்து இரண்டு தவணைகளாக அவரால் கரும்பலகையில் எழுத இயலவில்லை. பின்னால் வந்த பஸ் அவருக்குச் சில அடி தூரத்தில் நின்றது. போதிய இடைவெளி விட்டுவந்த அந்த முகம் தெரியாத சாரதியினால்தான் அவர் இன்று எம்மோடு இருக்கிறார். அவரும் மழையைத்தான் திட்டினார். ஆனால், அதன் பின்னர் தண்டவாளத்துக்கு முன்னரே வேகத்தைக் குறைத்து, வண்டியை நிமிர்த்தி, இயன்றவரை செங்குத்தாக, பிரேக்கைத் தொடாமல் கடக்கிறார். மஞ்சள் கடவைக் கோடுகளிலும் இரும்பு மூடிகளிலும் அதே நிதானம் தேவை.

தேங்கிய வெள்ளத்தின் அடியில் இருப்பது விரலளவு பள்ளமா முழங்காலளவு குழியா என்பது மேலிருந்து தெரியாது. சிறிய சக்கரங்களைக் கொண்ட ஸ்கூட்டருக்கு அந்தக் குழி மேலும் பெரியது. காற்றில் பறக்கும் மழைக்கோட்டின் ஓரமும் சேலைத் தலைப்பும் சக்கரத்தில் சிக்கலாம். பின்னால் இருப்பவர் விரித்துப் பிடிக்கும் குடையைக் காற்று இழுக்கும்போது வண்டியும் சேர்ந்தே இழுபடும். இருவருக்கும் நடுவில் மழைக்கோட்டுக்குள் ஒளிந்திருக்கும் பிள்ளையின் தலையில் கவசம் இருக்கிறதா என்று பார்ப்பவர்கள் எத்தனை பேர்?

இவற்றில் எதற்கும் பெருஞ்செலவு இல்லை, ரயரைத் தவிர. பத்து நிமிடம் முன்கூட்டிப் புறப்படுவதும், அது இயலாதபோது பத்து நிமிடம் தாமதமாகச் செல்லத் துணிவதுமே பிரதானமானவை. தாமதமாக வரும் ஆசிரியரையும் ஊழியரையும் மழைநாட்களிலாவது சிவப்புக் கோட்டை நீட்டி வரவேற்காதிருக்க எமது அதிபர்களும் மேலதிகாரிகளும் பழகிக்கொண்டால், வீதியில் சிலரின் உயிர்கள் தப்பும். எமது செய்தியாளர்களும் அடுத்த முறை ‘மழை காரணமாக’ என்று எழுதுவதற்கு முன்னர், அந்த வண்டியின் ரயரை ஒரு தடவை குனிந்து பார்க்கவேண்டும்.