சுரண்டிய இடங்கள்

ஒரே நூலுக்குப் பல பிரதிகள் கிடைத்தால், வரிகள் கூடுதலாக இருப்பதுதான் முழுமையான பிரதி என்று யாருக்கும் தோன்றும். ஸ்டீபன் ஹார்டிங்குக்கும் முதலில் அப்படித்தான் தோன்றியது. இங்கிலாந்தில் பிறந்து, பர்கண்டியிலுள்ள சீத்தோ மடத்தின் மூன்றாம் தலைவரானவர் அவர். சிஸ்டெர்சியன் சபையை நிலைநிறுத்தியவர் என்று வரலாறு அவரைக் கொண்டாடுகிறது. நான் அவரை நேசிப்பது அவர் விவிலியத்துக்குப் பாடம் பார்த்த விதத்துக்காக.

பல தேவாலயங்களிலிருந்து பிரதிகளை வரவழைத்து, மற்றவற்றில் இல்லாத வரிகள் கொண்ட ஒன்றைத் தேர்ந்து படியெடுக்கச் செய்தார். 1109இல் வேலை முடிந்தது. ஆனாலும் அந்த வேறுபாடுகள் அவரை உறுத்தின. இந்தப் பிரதிகளின் பாடத்தை லத்தீனில் பெயர்த்தவர் ஜெரோம் ஒருவரே. ஒருவர் பெயர்த்தது பிரதிக்குப் பிரதி எப்படி மாறும்? கிரேக்கத்திலிருந்து வந்த இன்னும் பழைய லத்தீன் பெயர்ப்பின் வரிகள், படியெடுத்தவர்கள் கைவழியே ஜெரோமின் பாடத்துக்குள் நுழைந்திருந்தன. எல்லாம் இடைச்செருகல்.

ஐயம் தீர்க்க அவர் போனது, மூலமொழி அறிந்த யூத அறிஞர்களிடம். சிலுவைப்போருக்குக் கிளம்பிய கூட்டங்கள் ரைன் நதிக்கரை ஊர்களில் யூதர்களைக் கொன்று குவித்தது 1096இல். அந்த ரத்தத்தின் நினைவு ஆறியிருக்காது. அப்படிப்பட்ட காலத்தில் ஒரு மடாதிபதி கேட்கிறார், அவர்கள் தங்கள் நூல்களைப் பல பிரதிகளாக விரித்து, எபிரேயத்திலும் அரமேயத்திலும் உள்ளதை அந்நாட்டுப் பேச்சுமொழியில் விளக்குகிறார்கள். ஐயப்பட்ட வரிகள் அவற்றில் இல்லை. அவற்றைச் சுரண்டி எடுக்கச் சொன்னார் ஹார்டிங்.

தோலில் எழுதியதை நீக்கக் கத்தி வேண்டும். மையோடு தோலின் மேற்பரப்பும் பெயர்ந்துவரும், தடம் மறையாது. பழுது மிகுந்திருந்தது விவிலியத்தின் அரசர்கள் நூல்களில். இத்தனை உழைப்பில், இத்தனை அழகாக உருவான ஏட்டைக் காயப்படுத்த மனம் வரவேண்டுமே! நடந்ததையெல்லாம் அவர் அந்த ஏட்டிலேயே குறிப்பாக எழுதிவைத்தார். நீக்கியதை யாரும் மறுபடி சேர்க்கக்கூடாது, எழுத்திலோ ஓரத்திலோ நகத்தால்கூடக் கீறக்கூடாது என்று அதில் கண்டிப்பும் உண்டு. தவறை மூடி மறைக்காமல், திருத்திய வழியையும் சொல்லிவிட்டுப் போன இந்தக் குறிப்பைப் பதிப்புத் தொழிலில் இருக்கும் எவரும் படிக்கவேண்டும் என்று ஆசைப்படுகிறேன். தீஜோன் நகர நூலகத்தில் அந்த ஏடு இன்றும் இருக்கிறது.

எனக்கு ஒரு மனக்குறை மட்டும் உண்டு. உதவிய அறிஞர்களின் பெயர்களில் ஒன்றையாவது அவர் எழுதியிருக்கலாம்.

அதே நூற்றாண்டில் பாரிஸின் புனித விக்டர் மடத்து ஆண்ட்ரூவும் யூத அறிஞர்களிடம் கேட்டுத்தான் பழைய ஏற்பாட்டுக்கு உரை எழுதினார். ஆனால் சிஸ்டெர்சியன் சபைக்குள் காற்று மாறிவிட்டது. கத்தலோனியாவின் பொப்லே மடத்துத் துறவி ஒருவர் யூதர் ஒருவரிடம் எபிரேய எழுத்துக் கற்கிறார் என்ற செய்தி 1198இல் சபையின் பொதுக்கூட்டத்துக்கு எட்டியது. விசாரித்துத் திருத்தும்படி கிளேர்வோ மடாதிபதியிடம் பொறுப்பை ஒப்படைத்தார்கள். ஹார்டிங் உயிரோடு இருந்திருந்தால், அந்தத் துறவியைத் தன் பக்கத்தில் உட்காரவைத்து அரசர்கள் நூலைத் திறந்திருப்பார் என்றே நம்புகிறேன்.