தைராய்டும் விடியற்காலைக் காபியும்

எனக்குத் தைராய்டு என்று சொன்னால், கேட்பவர்கள் உடனே என் மனைவியைப் பார்க்கிறார்கள். "அம்மாவுக்கா சார்?" என்று திருப்பிக் கேட்டவர்களும் உண்டு. பெண்களுக்குத்தான் இது அதிகம் வருகிறது, உண்மைதான். அதற்காக ஆண்களைத் தொடக் கூடாது என்று அரசாணை ஒன்றும் இல்லையே! எனக்கு அறுபத்தெட்டு வயதில் வந்தது. மலச்சிக்கல், குரல் கரகரப்பு, எப்போதும் ஒரு சோர்வு. புதுச்சேரியில் மே மாதத்தில் போர்வை கேட்டபோதுதான் வீட்டில் சந்தேகம் வந்தது.

ரத்தப் பரிசோதனையில் டிஎஸ்எச் 18 இருந்தது. நாலு, ஐந்துக்குள் இருக்க வேண்டியது. இன்னொரு பரிசோதனையும் செய்துவிட்டு 'ஹாஷிமோட்டோ' என்றார் டாக்டர். ஹகாரு ஹாஷிமோட்டோ என்ற ஜப்பானிய மருத்துவர் 1912இல் நான்கு பெண்களின் தைராய்டைச் சோதித்து எழுதியதால் அவர் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது. நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டு சுரப்பியை அந்நியன் என்று நினைத்துத் தாக்குகிறது. சுரப்பி கொஞ்சம் கொஞ்சமாகக் கெட்டுப் போகிறது.

பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு வினைச்சொற்களைத் தப்பாகச் சொன்னால் எங்கள் ஆசிரியர் "க்ரெத்தேன்!" என்று கத்துவார். முட்டாள் என்று மட்டும்தான் அப்போது புரிந்தது. ஆல்ப்ஸ் மலைப் பள்ளத்தாக்குகளில் மண்ணிலும் தண்ணீரிலும் அயோடின் போதாமல், பிறவியிலேயே தைராய்டு குறைந்து, வளர்ச்சியும் புத்தியும் குன்றிப் பிறந்தவர்களை அப்படி அழைத்தார்கள். 'கிறிஸ்தவன்' என்பதற்கு அந்த வட்டார மொழியில் இருந்த சொல்தான் அது என்கிறார்கள். இவனும் நம்மைப் போல மனிதன்தான் என்று இரக்கத்தோடு தொடங்கிய பேச்சு, கடைசியில் திட்டாக எங்கள் வகுப்பு வரைக்கும் வந்து சேர்ந்தது. அயோடினைக் கண்டுபிடித்தவரும் ஒரு பிரெஞ்சுக்காரர்தான். 1811இல் பெர்னார் கூர்த்துவா, கடற்பாசிச் சாம்பலில் கண்டெடுத்தார்.

இந்தக் கதையை அரைகுறையாகக் கேட்டவர்கள்தான் 'தைராய்டா, அயோடின் சாப்பிடு' என்கிறார்கள். எனக்கு வந்திருப்பது அயோடின் குறைவால் வந்ததில்லை. இந்த நோயில் அயோடின் அளவுக்கு மீறினால் இன்னும் கெடுதல். பிரான்சில் இருக்கும் மகள் கடற்பாசி மாத்திரை ஒரு டப்பா அனுப்பினாள். டாக்டர் வேண்டாம் என்றுவிட்டார், அலமாரியில் கிடக்கிறது. கடையில் வாங்கும் அயோடின் உப்பே போதும்.

அடுத்து அவள் சொன்னது 'குளூட்டன் இல்லாத சாப்பாடு'. கோதுமை ஒவ்வாதவர்களுக்கு அது அவசியம். எனக்குச் சோதித்துப் பார்த்தார்கள், அந்தக் கோளாறு இல்லை. அப்புறம் நான் எதற்குப் பகெத் ரொட்டியை விட வேண்டும்? மற்ற வேளைகளில் நாம் சாப்பிடுவது அரிசிதானே. முட்டைக்கோஸ், காலிபிளவரை வேகவைத்து அளவாகச் சாப்பிடுகிறேன். கம்பங்கூழ் தினசரி வேண்டாம், எப்போதாவது என்றால் சரி என்றார் டாக்டர். சிறுதானியத்தைச் சர்வரோக நிவாரணி என்று நம்பும் நண்பர்கள் என்னோடு சண்டைக்கு வருகிறார்கள்.

உண்மையான போராட்டம் காபியோடுதான். மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டுக்கொண்டு அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். காபி சேர்ந்தால் மருந்து சரியாக உடம்பில் ஏறாது. அறுபது வருடமாக எழுந்தவுடன் டிகாஷன் மணத்தில் பல் துலக்கியவனுக்கு அந்த ஒரு மணி நேரம் ஒரு யுகம். வழி கண்டுபிடித்தவள் மனைவி. "நாலு மணிக்கு எப்படியும் பாத்ரூம் போக எழுந்திருக்கிறீங்க, அப்பவே போட்டுக்குங்களேன்" என்றாள். அன்றிலிருந்து கட்டில் பக்கத்தில் ஒரு மாத்திரை, ஒரு தம்ளர் தண்ணீர். கால்சியம் மாத்திரைக்கு நாலு மணி நேரமாவது இடைவெளி வேண்டும் என்பதால் அது இரவுக்குப் போய்விட்டது.

காலையில் கடற்கரைச் சாலையில் நடக்கிறேன். அதனால் தைராய்டு குணமாகாது. மலச்சிக்கல் தீர்ந்தது, தூக்கம் வருகிறது.

இதையெல்லாம் எழுதத் தூண்டியது என் அக்காதான். எழுபத்தொன்பது வயது. அவளுக்கும் இதே நோய், எனக்கு முன்னாலேயே. "ஆயுசுக்கும் மாத்திரையா?" என்ற சலிப்பில் இருந்தவளிடம் யாரோ, மல்லி ஊறவைத்த தண்ணீரைக் காலையில் குடித்தால் தைராய்டு ஓடிப்போகும் என்றிருக்கிறார்கள். மாத்திரையை நிறுத்திவிட்டாள். முதலில் ஒன்றும் தெரியவில்லை. இந்த மருந்து ரத்தத்தில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும். மாத்திரை இல்லாமலே நன்றாக இருக்கிறோமே என்று பலர் ஏமாறுவது இந்த இடைவெளியில்தான்.

பிறகு அக்கா முகம் ஊதியது. பகலெல்லாம் தூங்கினாள். கேட்டதையே கேட்டாள். ஒருநாள் பாலை அடுப்பில் வைத்துவிட்டு மறந்து போனாள். மறதி நோய் என்று வீட்டில் முடிவுகட்டி, இடுப்பில் இருந்த சாவிக்கொத்தை வாங்கிவிட்டார்கள். சாவி போனதில் அவள் அழுதாள் என்று மருமகள் சொன்னபோது எனக்கு மனசு கேட்கவில்லை. நானே ஆட்டோவில் ரத்தப் பரிசோதனைக்கு அழைத்துப் போனேன். டிஎஸ்எச் அறுபதைத் தாண்டியிருந்தது.

வயதானவர்களுக்கு எடுத்தவுடன் முழு அளவு கொடுத்தால் இதயம் தாங்காது. 25 மைக்ரோகிராமில் தொடங்கி, ஆறு வாரத்துக்கு ஒருமுறை பரிசோதித்து ஏற்றினார்கள். நாலாவது மாதம் அக்காவே போன் செய்து, 1974இல் நான் வாங்கித் தந்த புடவையின் நிறத்தைச் சொல்லி, அது எந்தக் கடையில் வாங்கியது என்று கேட்டாள். எனக்குத்தான் ஞாபகம் வரவில்லை.

சாவிக்கொத்து இப்போது மறுபடியும் அவள் இடுப்பில். மல்லித் தண்ணீரை மட்டும் விடவில்லை, சாயங்காலத்துக்கு மாற்றிக்கொண்டாள். போனால், "வாடா, குடிச்சுப் பாரு" என்று எனக்கும் ஒரு தம்ளர் தருகிறாள். ருசியாகத்தான் இருக்கிறது.