ஷைலி

இன்னைக்கு சுகர், பிபி எதுவும் இல்ல. ஒரே ஒரு இங்கிலீஷ் வார்த்தையைப் பத்தி எழுதப் போறேன். நீளமான இழை, நேரம் இருக்கறப்ப படிங்க. பாதியில விட்டுட்டுப் போறவங்க கடைசியில இருக்கற வேண்டுகோளை மட்டுமாவது படிச்சிடுங்க.

இதுல வர்ற அம்மாகிட்ட கேட்டுட்டுத்தான் எழுதறேன். அவங்களை யாரும் அடையாளம் கண்டுபிடிக்கக் கூடாதுன்னு சில விவரங்களை மாத்தியிருக்கேன்.

நான் பன்னிரண்டாவது வரைக்கும் தமிழ் மீடியம். இங்கிலீஷ் வாத்தியார் வினையடைன்னா என்னன்னு ஒரே வரியில முடிச்சிட்டார்: "பின்னாடி எல்-ஒய் சேத்துக்கோ." ஸ்லோ, ஸ்லோலி. ஹாப்பிக்கு 'ஒய்' போய் 'ஐ' வந்து ஹாப்பிலி. ஆனா ஷைக்கு 'ஒய்' அப்படியே நிக்கும்: ஷைலி. அந்த விதிவிலக்கு எப்படியோ மனசுல ஒட்டிக்கிச்சு. மருத்துவக் கல்லூரிக்குப் போனப்ப கான்வென்ட் பசங்க கேஸ் பிரசன்ட் பண்றதைப் பாத்து வாயைப் பொளந்துட்டு நின்னவன் நான். அதனால கேஸ் ஷீட்ல ஒரு நல்ல வினையடை போட்டுட்டா எனக்கு ஒரு சின்ன பெருமை. தேவையே இல்லாத இடத்துலயும் போடுவேன்.

படிச்சு முடிச்ச புதுசுல வெம்பாக்கம் பக்கம் வேலை. திருவண்ணாமலை மாவட்டத்தோட வடகோடி. ஒரு பக்கம் செய்யாறு, இன்னொரு பக்கம் காஞ்சிபுரம். ஆரணிப் பட்டுன்னு நீங்க கடையில வாங்கறது ஆரணிக்குள்ள மட்டும் நெய்யறது இல்ல, சுத்துவட்டார ஊர்கள்லயும் தறி ஓடுது. காலையில தெருவுல நடந்தா ரெண்டு பக்கமும் தறிச் சத்தம் கேட்டுக்கிட்டே வரும்.

தறிக்காரங்களுக்குன்னு சில நோய்கள் இருக்கு. குழியில காலை விட்டு உக்காந்து நாள் முழுக்க மிதிக்கணும். முட்டி, இடுப்பு, தோள்பட்டை மூணும் போகும். ஜரிகையையும் நூலையும் உத்துப் பாத்துப் பாத்து கண்ணும் போகும். எங்க ஓபியில பாதி சீட்டு முட்டி வலிதான்.

அந்த அம்மாவும் முட்டி வலிக்குத்தான் வந்தாங்க. 50 வயசுக்கு மேல. மகன் கூட்டிட்டு வந்திருந்தான். பாத்தேன், மாத்திரை எழுதினேன், மகன் சீட்டை வாங்கிட்டு மருந்து வாங்கப் போயிட்டான். அம்மா எழுந்து கதவு வரைக்கும் போய் நின்னாங்க.

"இன்னொண்ணு சார்..."

"சொல்லுங்கம்மா."

தரையைப் பாத்தாங்க. முந்தானை நுனியை விரல்ல சுத்தினாங்க. வெளிய பாத்தாங்க. "எனக்கு நின்னு மூணு வருஷமாச்சு. இப்ப ஒரு மாசமா லேசா கறை படுது."

மாதவிடாய் முழுசா நின்னு ஒரு வருஷத்துக்கு அப்புறம் ஒரு சொட்டு பட்டாலும் பாத்தே ஆகணும். இதுல விதிவிலக்கே கிடையாது. எனக்கும் அது தெரியும். "உள்ள பரிசோதனை பண்ணணும்மா, சிஸ்டர் கூட இருப்பாங்க"ன்னு சொன்னேன். "வேணாம் சார், அப்புறம் வரேன்"னாங்க. வெளிய இன்னும் 60, 70 பேர் நின்னாங்க. நான் இன்னொரு தடவை கேக்கல.

சீட்டுல இங்கிலீஷ்ல எழுதினேன். தமிழ்ல சொன்னா இவ்வளவுதான்: "நோயாளி வெட்கத்தோடு பரிசோதனையை மறுத்தார். மறுபடி வரச் சொல்லப்பட்டது." வெட்கத்தோடுங்கற இடத்துல ஷைலி. அதே 'ஒய்'. எழுதி முடிச்சப்ப அந்த வாக்கியம் எனக்குப் பிடிச்சிருந்தது. இதை ஒத்துக்கறதுக்குத்தான் இவ்வளவு நாள் ஆச்சு.

அவங்க மறுபடி வந்தப்ப 7 மாசம் ஆகியிருந்தது. இந்தத் தடவை கறை இல்ல, துணி துணியா நனையுது. ரூமுக்குள்ள வரும்போதே நாத்தம் தெரிஞ்சது. மகப்பேறு மருத்துவர் மேடம் ஒருத்தங்ககிட்ட அனுப்பினேன். கர்ப்பப்பை வாய்ப் புற்று, 2பி. அதாவது கர்ப்பப்பை வாயைத் தாண்டி பக்கத்துத் திசுக்களுக்குப் பரவியாச்சு. வழக்கமா இந்தக் கட்டத்துல ஆபரேஷன் பண்றது இல்ல. கதிர்வீச்சும் கீமோவும்தான்.

7 மாசம் முன்னாடி பாத்திருந்தா என்ன ஸ்டேஜா இருந்திருக்கும்? யாராலயும் அடிச்சுச் சொல்ல முடியாது. அப்பவே 2பியா இருந்திருக்கலாம். இதை நான் எனக்கே பல தடவை சொல்லிக்கிட்டிருக்கேன். ஒரு தடவைகூட அதுல நிம்மதி வந்ததில்ல.

அன்னைக்கு சாயங்காலம் அந்த மேடம் போன் பண்ணாங்க. திட்டுவாங்கன்னு நினைச்சேன். திட்டல. என் பழைய சீட்டு அவங்க கையில இருந்தது. ஒரே கேள்விதான்.

"ஷைலின்னு எழுதியிருக்கியேப்பா. அது வெட்கம்னு உனக்கு எப்படித் தெரியும்?"

இங்கதான் கொஞ்சம் இலக்கணம் பேசணும், பொறுத்துக்கோங்க.

தயக்கத்தைச் சொல்ல இங்கிலீஷ்ல ஒரு கூடை வினையடை இருக்கு. ஹெசிடன்ட்லின்னா தயங்கித் தயங்கி. அது வெளிய தெரியறதை மட்டும் சொல்லுது, ஏன் தயங்கறாங்கன்னு சொல்லாது. ரிலக்டன்ட்லின்னா இஷ்டமில்லாம. டிமிட்லின்னா பயந்து பயந்து. ஷீப்பிஷ்லின்னா தப்பு பண்ணி மாட்டிக்கிட்டு அசடு வழியறது. காய்லின்னு ஒண்ணு இருக்கு, வெட்கப்படற மாதிரி பாவனை பண்றது. அதை எந்த நோயாளியைப் பத்தியும் எழுதிடாதீங்க, ஜூனியர்ஸ், தயவு செஞ்சு.

மருத்துவ பாஷையில சொன்னா ஹெசிடன்ட்லிங்கறது ஒரு சைன். கண்ணால பாத்தது. ஷைலிங்கறது டயக்னோசிஸ். நான் பாத்தது என்ன? ஒரு அம்மா கதவுகிட்ட நின்னாங்க, வெளிய பாத்தாங்க, வேணாம்னாங்க. அவ்வளவுதான். பரிசோதனையே பண்ணாம டயக்னோசிஸ் எழுதிட்டேன். வெட்கம்னு எழுதின உடனே கேஸ் முடிஞ்சு போச்சு. கிராமத்துப் பொம்பளை, நான் ஆம்பளை டாக்டர், வெட்கப்படறாங்க, இதுல நான் என்ன பண்றது? அந்த ஒரு வார்த்தை பழியைத் தூக்கி அவங்க தலையில வெச்சிட்டு என்னை அடுத்த சீட்டுக்கு அனுப்பிடுச்சு.

தமிழ்ல இது கொஞ்சம் வேற மாதிரி வேலை செய்யுதுன்னு எனக்கு ஒரு எண்ணம். மொழி அறிஞர்கள் திருத்தலாம். 'தயங்கித் தயங்கிச் சொன்னாங்க'ன்னு சொல்றோம் இல்லையா, அந்த 'தயங்கி' வினையெச்சம். தயங்கறதும் ஒரு வினைதான், அதைச் செய்யறவங்க ஒருத்தங்க இருக்காங்க. 'மென்னு முழுங்கி', 'இழுத்து இழுத்து' எல்லாமே அப்படித்தான். ஒருத்தங்க ஒரு வேலையைப் பண்றாங்கன்னா ஏன் பண்றாங்கன்னு கேக்கத் தோணும். எல்-ஒய் வெறும் லேபிள் மாதிரி ஒட்டிக்கும். லேபிளைப் பாத்து யாரும் ஏன்னு கேக்கறதில்ல. சரி, தமிழ்ல எழுதியிருந்தா நான் கேட்டிருப்பேனான்னா, அதுவும் சந்தேகம்தான். 'வெட்கப்பட்டு'ன்னு எழுதிட்டுப் போயிருப்பேன்.

அந்த அம்மாவைக் காஞ்சிபுரத்துல காரப்பேட்டை அரசு புற்றுநோய் மருத்துவமனைக்கு அனுப்பினோம். அறிஞர் அண்ணா பேர்ல இருக்கற ஆஸ்பத்திரி. அண்ணாவே 1969-ல புற்றுநோயாலதான் இறந்தார். எங்க பக்கம் "காரப்பேட்டைக்கு எழுதிட்டாங்க"ன்னு சொன்னா மேற்கொண்டு யாரும் எதுவும் கேக்க மாட்டாங்க.

சிகிச்சை நடுவுல ஒரு ஞாயித்துக்கிழமை அவங்க வீட்டுக்குப் போனேன். தறி சும்மா இருந்தது, மேல ஒரு பழைய புடவையைப் போட்டு மூடியிருந்தாங்க. கேட்டுட்டேன். "அன்னைக்கு ஏம்மா வேணாம்னீங்க? என்கிட்ட வெட்கமா?"

சிரிச்சாங்க. "உங்ககிட்ட எனக்கு இன்னா சார் வெட்கம்? உங்க வயசுல எனக்குப் புள்ள இருக்கான். பாவுல ரெண்டு புடவை பாக்கி இருந்திச்சு. முதலாளிகிட்ட அட்வான்ஸ் வாங்கியாச்சு. கல்யாண சீசன், தேதி சொல்லி வாங்கிக்கினு போயிருக்காங்க. நீங்க பாத்துட்டு படுக்கணும்னு சொல்லிட்டீங்கன்னா? தறியை யாரு மிதிப்பா?"

தெரியாதவங்களுக்கு: பாவுங்கறது தறியில நீளவாக்குல கட்டியிருக்கற நூல். ஒரு பாவுல பல புடவை இறங்கும். நெய்ய ஆரம்பிச்சுட்டு பாதியில விட்டா கூலி நிக்கும், வாங்கின அட்வான்ஸ் கடனா நிக்கும். அன்னைக்கு கதவுகிட்ட அவங்க நின்னது வெட்கத்துல இல்ல. கணக்குப் போட்டுக்கிட்டு நின்னாங்க. ரெண்டு புடவை முடிக்க எத்தனை நாள், அதுவரைக்கும் இது தாங்குமா.

"அப்புறம் வரேன்"னு சொன்னது சாக்கும் இல்ல. நிஜமாவே அப்புறம் வரணும்னுதான் இருந்திருக்காங்க. அந்தப் பாவு முடிஞ்சது, அடுத்த பாவு ஏறிடுச்சு.

நான் அன்னைக்கு "ஏம்மா வேணாம்?"னு ரெண்டே வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பாங்க. "ரெண்டு நிமிஷ வேலைம்மா, இன்னைக்கே படுக்கச் சொல்ல மாட்டேன்"னு நானும் சொல்லியிருப்பேன்.

இதைப் படிக்கறப்ப "இதெல்லாம் விழிப்புணர்வு இல்லாத ஜனங்க"ன்னு தோணுதா? திண்டுக்கல் மாவட்டத்துல 2000-ல ஒரு பெரிய ஆய்வு ஆரம்பிச்சாங்க. கர்ப்பப்பை வாயில நீர்த்த அசிட்டிக் அமிலம், அதாவது வினிகர்ல இருக்கற அதே அமிலத்தைத் தடவி ஒரு நிமிஷம் கழிச்சுப் பாக்கறது. செல்கள் மாறியிருந்தா அந்த இடம் வெளுத்துக் காட்டும். பயிற்சி எடுத்த நர்ஸ்களே பண்ணாங்க. 30 முதல் 59 வயசு வரைக்கும் 49,311 பெண்களைக் கூப்பிட்டாங்க. 2007-ல லான்செட் இதழ்ல முடிவு வந்தது: பரிசோதனைக்குக் கூப்பிட்ட பக்கம் கர்ப்பப்பை வாய்ப் புற்று 25 சதவீதம் குறைஞ்சது, அதுல சாவு 35 சதவீதம் குறைஞ்சது. நம்ம ஊர்ல, நம்ம நர்ஸ்கள் கையால. இதைச் சொல்றப்ப எனக்கு இன்னமும் சிலிர்க்கும்.

ஆனா அந்த 49,311 பேர்ல வந்து பரிசோதனை பண்ணிக்கிட்டது 31,343 பேர். மீதி கிட்டத்தட்ட 18,000 பேர். பழைய நானா இருந்தா அந்த 18,000 பேருக்கும் சேத்து ஒரே ஷைலி போட்டிருப்பேன். இப்ப அந்த எண்ணைப் பாக்கறப்ப எனக்குத் தோணறது வேற. யார் வீட்டுல என்ன பாவு ஏறியிருந்துச்சோ.

இன்னொரு ஆய்வு, அமெரிக்காவுல, 2007. ஜான் ஹெரிடேஜ் குழு. 20 டாக்டர்கள், 224 நோயாளிகள். முதல் பிரச்சனையைக் கேட்டு முடிச்சதும் பாதி டாக்டர்கள் "எனிதிங் எல்ஸ்?"னு கேக்கணும், மீதி பேர் "சம்திங் எல்ஸ்?"னு கேக்கணும். எனிதிங்னு கேட்டதுல பெருசா ஒண்ணும் மாறல. சம்திங்னு கேட்டதுல, சொல்லணும்னு வந்துட்டு சொல்லாமப் போற விஷயங்கள் 78 சதவீதம் குறைஞ்சது. ஒரு வார்த்தைதான். எனிதிங் 'இல்ல'ங்கற பதிலை எதிர்பார்த்து கேக்குது. சம்திங் 'இருக்கு, சொல்லு'ங்குது.

நம்ம 'வேற ஏதாவது இருக்கா?' அச்சு அசல் எனிதிங்தான். அதுவும் பேனாவை மூடிக்கிட்டே கேப்போம். நான் இப்ப கேக்கறது: "இன்னும் என்ன சொல்லணும்னு நினைச்சு வந்தீங்க?" கேட்டுட்டு வாயை மூடிக்கிட்டு இருக்கணும். அதுதான் கஷ்டம்.

எங்கிட்ட வர்ற ஹவுஸ் சர்ஜன் பசங்களுக்கு ஒரு விதி வெச்சிருக்கேன், கேலி பண்ணுவாங்க. நோயாளி பத்தி எல்-ஒய் போடக்கூடாது. "ஷைலி மறுத்தார்" வேணாம். "கதவைப் பார்த்தார், பிறகு மறுத்தார். காரணம் கேட்டேன்: ..." அந்த முக்காப்புள்ளிக்கு அப்புறம் காலியா இருந்தா சீட்டைத் திருப்பிக் குடுத்துடுவேன்.

அந்த அம்மா இருக்காங்க. ரேடியேஷன் முடிஞ்சு வருஷங்கள் ஆச்சு, செக்கப் ஒழுங்கா போறாங்க. தறியில உக்கார முடியல, குழியில இறங்கினா இடுப்பு தாங்கல. பக்கத்து வீட்டுக்குத் தார் சுத்தித் தராங்க. நெய்யறதுல வந்ததுல கால்வாசி கூட வராது. அதுல அவங்களுக்கு இருக்கற வருத்தம், நோய் வந்ததுல இருந்த வருத்தத்தை விடப் பெருசு.

இனி அந்த வேண்டுகோள். அம்மாவையோ அத்தையையோ டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போறீங்களா? பேசி முடிச்சதும் "நான் வெளிய இருக்கேன்மா, நீ பேசிட்டு வா"ன்னு அஞ்சு நிமிஷம் எழுந்து போயிடுங்க. மருந்து வாங்கற சாக்குல போகாதீங்க, சொல்லிட்டுப் போங்க. 30 வயசுக்கு மேல உள்ள பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்துல கர்ப்பப்பை வாய்ப் பரிசோதனை இலவசம், சில நிமிஷ வேலை. வேணாம்னு சொன்னா விட்டுடாதீங்க, திட்டவும் திட்டாதீங்க. ஏன்னு கேளுங்க.

போன மாசம் அந்த அம்மா முட்டி வலிக்கு வந்தாங்க. மாத்திரை எழுதிட்டு, "இன்னும் என்ன சொல்லணும்னு வந்தீங்க?"ன்னு கேட்டேன். கதவு திறந்தே இருந்தது, வெளிய ஒரு கூட்டம். அவங்க உரக்கவே சொன்னாங்க: "மலச்சிக்கல் சார். நாலு நாளாச்சு. எழுதிக்கோங்க."