சாட்டிக் கடலில் வேளா

யாழ்ப்பாணத்திலிருந்து பண்ணைப் பாலத்தில் ஏறியதும் பஸ்ஸின் இரண்டு பக்கமும் தண்ணீர். முழங்கால் ஆழம்கூட இல்லாத இடங்களில் மீன் பிடிக்கும் களங்கட்டித் தடிகள் வரிசையாக நிற்கும்; ஒவ்வொரு தடியிலும் ஒரு கொக்கோ நீர்க்காகமோ இருக்கும். மண்டைதீவுச் சந்தி, அல்லைப்பிட்டி, அதற்கப்பால் வேலணை. சாட்டிக்கு இறங்கி மணல் பாதையில் நடந்தால் முதலில் கண்ணில் படுவது கடல் அல்ல, தண்ணீர் பவுசர். இந்த மணலுக்குள் நல்ல தண்ணீர் இருக்கிறது. மாரி மழையை மணல் உறிஞ்சி, கீழே கிடக்கும் உவர் நீருக்கு மேலே ஏந்தி வைத்திருக்கிறது. சாட்டிக் கிணறுகளில் அள்ளிய தண்ணீரைத்தான் அயல் தீவுகளுக்கும் கொண்டுபோய்க் குடித்தார்கள்.

ஆறு என்ற ஒன்று எங்களுக்கு இல்லை. குடாநாட்டிலும் வழுக்கையாறு ஒன்றுதான், அதுவும் மாரியில் மட்டும் ஓடும். அதனாலோ என்னவோ, சின்ன வயதிலிருந்தே பெரிய ஆறுகளின் மீது எனக்குத் தீராத ஆசை. அமேசன், மெக்கோங், கங்கை என்று தேடித் தேடி வாசிப்பேன். கலங்கிய நீருக்கு அடியில் ஆளைவிடப் பெரிய மீன் ஒன்று அசையாமல் கிடக்கும் என்ற நினைப்பே உடம்பைச் சிலிர்க்க வைக்கும்.

2022 ஜூன் மாதத்தில் அப்படி ஒரு மீன் உண்மையிலேயே வந்தது. கம்போடியாவில், ஸ்துங் திரெங் பகுதியில், மெக்கோங் ஆற்றின் தீவொன்றைச் சேர்ந்த மீனவர் ஒருவரின் தூண்டிலில் ஒரு திருக்கை கொளுவியது. 300 கிலோ. மூக்கிலிருந்து வால் நுனி வரை 4 மீற்றருக்குச் சற்றுக் குறைவு, அகலம் 2 மீற்றருக்கு மேல். உலகில் நிறுத்துப் பார்க்கப்பட்ட நன்னீர் மீன்களில் அதுதான் பெரியது. அதற்கு முன் அந்த இடத்தில் இருந்தது 2005இல் தாய்லாந்தில் அதே ஆற்றில் பிடிபட்ட 293 கிலோ கெளிறு. அந்தக் கெளிறு வளர்ந்தபின் பாசி தின்று வாழும் சாது. திருக்கை அப்படியல்ல, அடித்தரையில் கிடந்து இரையை அமுக்கித் தின்னும் மீன். அந்தப் பெண் திருக்கைக்கு கெமர் மொழியில் ‘பொராமி’ என்று பெயர் வைத்தார்கள். பூரணை நிலவு என்று பொருள். ஒலிக்கருவி ஒன்றைப் பொருத்தித் திரும்ப ஆற்றில் விட்டார்கள்.

திருக்கைக் கறி சாப்பிட்டு வளர்ந்தவன் நான். ஆற்றில் திருக்கையா என்று முதலில் நம்ப முடியவில்லை. வாசிக்க வாசிக்கத்தான் ஒன்று பிடிபட்டது. ஆற்றுக்கும் கடலுக்கும் இடையில் நாங்கள் கீறி வைத்திருக்கிற கோட்டைப் பெரிய மீன்கள் பொருட்படுத்துவதில்லை. அந்தக் கோட்டைக் கடந்து போய்வந்த மீன்களில் மிகப் பெரிய ஒன்று எங்கள் கடலிலேயே இருந்திருக்கிறது. அதன் பெயர் வேளா.

வேளாவைச் சுறா என்பார்கள், வேளாச்சுறா என்றே சொல்வாரும் உண்டு. உடம்பும் செட்டையும் சுறாவைப் போலத்தான். ஆனால் செவுள் வெட்டுகள் பக்கவாட்டில் இல்லை, வயிற்றுப் பக்கத்தில் இருக்கின்றன. அது திருக்கை இனம், பொராமிக்குச் சொந்தம். முகத்துக்கு முன்னே வாள் போல ஒரு கொம்பு நீண்டு, இரண்டு ஓரத்திலும் பற்கள் நிரைத்திருக்கும். வெறும் ஆயுதம் என்று அந்தக் கொம்பை நினைத்துவிடக் கூடாது. உயிருள்ள மீனின் உடலிலிருந்து வரும் மிக நுண்ணிய மின்னோட்டத்தை உணரும் துளைகள் அது முழுவதும் பரவியிருக்கின்றன. கண் தெரியாத கலங்கல் நீரிலும் இரை எங்கே என்று கொம்பு சொல்லும். பிறகு அதே கொம்பை இடமும் வலமும் வீசி அடிக்கும். வேளாக்களில் பெரிய இனம் ஆறு மீற்றரைத் தாண்டி வளரும். அதன் குட்டிகள் ஆற்று முகத்தில் பிறந்து, ஆற்றுக்குள் ஏறிச் சில வருடங்கள் வளர்ந்து, பிறகுதான் கடலுக்கு இறங்கும். மேற்கு அவுஸ்திரேலியாவின் பிட்ஸ்ரோய் ஆற்றில் இன்றும் அது நடக்கிறது. தாயின் வயிற்றைக் கிழிக்காதபடி குட்டியின் கொம்புக்கு உறை போட்டு அனுப்புகிறது இயற்கை. பிறந்த சில நாட்களில் உறை கழன்றுவிடும். இதை வாசித்த இரவு எனக்கு நித்திரை வரவில்லை.

இந்த முறை ஊருக்கு வந்தது வேளாவைப் பற்றிக் கேட்கத்தான்.

காலை ஒன்பது மணிக்குக் கரையில் சனம் இல்லை. சனி ஞாயிறுகளில் குளிக்க வருகிறவர்களுக்காகப் போட்ட கொட்டில்கள் வெறுமையாகக் கிடந்தன. கரை முழுக்கச் சாதாளை ஒதுங்கி, பாதி காய்ந்து மணத்தது. கடல் வெகுதூரத்துக்கு வெளிர் பச்சை. பாக்குநீரிணை முழுவதுமே ஆழம் குறைந்த கடல், பெரும்பகுதி 15 மீற்றரைத் தாண்டாது. கரையோரம் சேறும் சாதாளையும். வேளா விரும்புகிற நிலம் அச்சொட்டாக இதுதான்.

பூவரசு நிழலில் ஒரு பெரியவர் வலை பொத்திக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய் இருந்தேன். எங்கிருந்து வருகிறாய், யாருடைய மகன் என்ற விசாரணை முடியவே கால் மணி நேரம் ஆயிற்று. பிறகுதான் கேட்டேன்.

“ஐயா, வேளா கண்டிருக்கிறியளோ?”

ஊசி நின்றது. “ஆர் தம்பி உனக்கு வேளாவைப் பற்றிச் சொன்னது? இப்பத்தப் பொடியளுக்கு அந்தப் பேரே தெரியாது.”

அவர் சின்னப் பொடியனாக இருந்தபோது தகப்பனின் வலையில் ஒன்று பட்டதாம். கரைக்கு இழுத்து வந்ததும் ஒருவரும் கிட்டப் போகவில்லை. கொம்பைக் கோடாலியால் வெட்டிய பிறகுதான் போனார்களாம். எவ்வளவு பெரிது என்று கேட்டேன். வாயால் சொல்லவில்லை. வலையை மடியிலிருந்து இறக்கி வைத்துவிட்டு எழும்பி மணலுக்குப் போனார். குதிக்காலால் ஒரு குழி தோண்டி, “மூக்கு இதில” என்றார். அங்கிருந்து தெற்கே எட்டு வைத்து நடந்தார். ஒன்பது எட்டு. திரும்பி நின்று என்னைப் பார்த்தார். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் அந்த மீன் கிடந்தது.

“அதுக்கு முந்தியும் படுறதுதான். அப்புவின்ர நூல் வலையைக் கிழிச்சுப்போட்டுப் போயிடும். அப்பு ஏசுவார். பிறகு நைலோன் வந்தது தம்பி. அது கிழியேல்லை.”

வேளாவின் கதையை இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. எந்த மீனுக்கும் கண்ணி அகலம் என்று ஒரு கணக்கு உண்டு. சின்ன மீன் நழுவிவிடும், பெரிய மீன் முட்டித் திரும்பும். வேளாவுக்கு அந்தக் கணக்கு இல்லை. கொம்பில் பல் இருக்கிறபடியால் எந்த வலையிலும் சிக்கும், குட்டியும் சிக்கும், கிழவியும் சிக்கும். உலகம் முழுவதும் இதே கதைதான். நிக்கராகுவா ஏரியில், நன்னீரிலேயே, ஆயிரக்கணக்கில் இருந்த வேளாக்களை 1970களில் சில வருட வலைவீச்சு ஏறக்குறைய முடித்துவிட்டது. இந்தியா 2001இல் வனவிலங்குச் சட்டத்தின் முதல் பட்டியலில் வேளாவைச் சேர்த்தது. 2007இலும் 2013இலும் எடுத்த முடிவுகளால் எல்லா இன வேளாக்களின் சர்வதேச வணிகமும் தடைசெய்யப்பட்டது. இலங்கைக் கரைகளில் மீனவர்களிடம் நேரில் கேட்டு எழுதிய ஆய்வொன்று 2021இல் வந்தது. இந்தக் கடலில் வேளா அநேகமாக அற்றுப்போய்விட்டது என்பதே அதன் முடிவு. கண்டவர்கள் பெரும்பாலும் வயதானவர்கள். பூவரசு நிழலில் இருந்தவரைப் போல.

கரையை விட்டுக் கொஞ்சம் உள்ளே, வேலியோரத்தில் ஒரு தாழம்புதர். இலையின் இரண்டு ஓரத்திலும் முள். அதைக் கண்டதும் நற்றிணையின் 19ஆவது பாட்டு நினைவுக்கு வந்தது. தாழையின் முள்ளிலையைச் சுறாவின் கொம்புக்கு ஒப்பிடுகிற பாட்டு. சாதாரணச் சுறாவுக்குக் கொம்பு ஏது? பாடியவர் வேளாவின் கொம்பைப் பார்த்திருக்க வேண்டும், கேட்டவர்களும் பார்த்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் அந்த உவமை யாருக்கும் விளங்காது. பட்டினப்பாலையில் வரும் காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர், கடலுக்குப் போகாத பூரணை நாளில், சினைச் சுறாவின் கொம்பை நட்டு வைத்துத் தெய்வத்தை வணங்குகிறார்கள். காவிரி கடலில் விழும் இடம் அது. ஆற்று முகம், சினைப்பட்ட தாய்மீன். அந்த வரிகளைப் பள்ளிக்கூடத்தில் வெறும் மனப்பாடமாகச் சொன்னவன் நான். இன்று அதற்குள் ஒரு மீனின் வாழ்க்கை வரலாறே கிடக்கிறதாக எனக்குப் படுகிறது. பூரணையன்று வலை போடாமல் இருந்த கரையும், பூரணை என்ற பேரோடு ஆற்றுக்குத் திரும்பிய திருக்கையும் மனதுக்குள் பக்கத்தில் பக்கத்தில் வந்து நின்றன.

சாட்டி சிந்தாத்திரை மாதா கோயில் வரை போனேன். கடற்பயணம் போகிறவர்களின் மாதா. உள்ளே ஒரு மெழுகுதிரி கொளுத்தினேன். யாருக்காக என்று கேட்டிருந்தால் சொல்ல வெட்கப்பட்டிருக்க மாட்டேன்.

சாதனை மீன் எந்த ஆற்றில் இருக்கும் என்று தூண்டில்காரர்கள் ஆழத்தையும் அகலத்தையும் பார்த்துக் கணக்குப் போடுவார்கள். நானும் நெடுங்காலம் அப்படித்தான் போட்டேன். ஆனால் பெரிய மீன் என்றால் வயதான மீன். ஆறு மீற்றர் வேளா என்பது பல பத்து வருடம் ஒருவர் வலையிலும் படாமல் தப்பிய வேளா. மெக்கோங்கில் இன்னும் 300 கிலோ இருக்கிறது என்றால், அங்கே ஏதோ ஓர் ஆழமான குழியில் அது கிழடாக விடப்பட்டிருக்கிறது. எங்கள் கடலும் அகலத்தில் குறைந்ததல்ல. வயது போக விடவில்லை, அவ்வளவுதான். நைலோன் தங்கூசி வலையும், அக்கரை இந்தியாவிலிருந்து இரவில் வந்து அடித்தரையை வாரிக்கொண்டு போகும் இழுவைப் படகுகளும் இருக்கிற கடலில் எந்த மீன் முப்பது வருடம் இருக்கும்? இழுவைமடியை இலங்கை 2017இல் சட்டத்தால் தடைசெய்தது. கரையில் கேட்டால், இரவில் தெரியும் வெளிச்சங்களைக் கை நீட்டிக் காட்டுகிறார்கள்.

திரும்பி வரும்போது பெரியவர் அதே இடத்தில் இருந்தார். கைத்தொலைபேசியில் மெக்கோங் திருக்கையின் படத்தைக் காட்டினேன். வெயிலுக்குக் கையால் மறைத்துக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“வெட்டினவையோ?”

“இல்லை ஐயா. திருப்பி ஆத்தில விட்டவை.”

“விட்டவையோ!” படத்தை இன்னொருக்கால் பார்த்தார். “அப்ப பிடிச்சவனுக்கு?”

“காசு குடுத்தவை. சந்தை விலை.”

“முழு விலையுமோ?”

“ஓம், முழு விலை.”

“அப்ப விடலாம்” என்றார். தொலைபேசியைத் திருப்பித் தந்துவிட்டு, ஊசியில் நூலைக் கோத்து, விட்ட கண்ணியிலிருந்து பொத்தத் தொடங்கினார்.